இவர் ஓட்டாத லாரி

ஜூலை 8, 1958. செவ்வாய். ட்ரியோலே.

விடியலிலிருந்து தூறல். துணி காயவில்லை. நான் எடுக்கும் கோயில் தமிழ் வகுப்புக்கு ஏழெட்டுப் பிள்ளைகள். 'ழ' ஒருவருக்கும் வரவில்லை. எனக்கே இந்தத் தீவுக்கு வந்த பிறகு நாக்கு மறந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் இந்த எழுத்து. நாகப்பட்டினத்திலிருந்து கல்யாணமாகி வந்தவளோடு தமிழில் பேச இந்த வீட்டில் ஆளில்லை. இவருக்குத் தெரிந்தது தேவாரத்தில் நாலு வரி, அம்மா, மாமா, அத்தை. மீதியெல்லாம் இந்தத் தீவின் பேச்சு, கிரியோல்; அதை நான்தான் இங்கே தமிழாக்கி எழுதுகிறேன்.

வாங்க: உப்பு, மண்ணெண்ணெய், சாம்பிராணி.

பக்கத்து வீட்டு மதாம் பிலோமின் வேலியோரம் கூப்பிட்டாள். அக்காவைப் பார்க்கப் பாம்பூ போய்வந்தாளாம்.

"நேத்து மத்தியானம் அங்க உன் புருஷனைப் பார்த்தேன். காமியோன் ஓட்டிக்கிட்டுப் போறான். கை காட்டினேன், திரும்பிக்கூடப் பார்க்கல." காமியோன் என்றால் லாரி.

நேற்று மத்தியானம் இவருக்குச் சோறு கொண்டுபோனது நான். இங்கே, கரும்புக் கொல்லையில், அரிவாளோடு நின்றார். பாம்பூ எங்கே, ட்ரியோலே எங்கே.

சொன்னேன். மதாம் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 10. வியாழன்.

மழை விட்டது. குளிர்.

சீனர் கடையிலும் அதே பேச்சு. கடைக்காரரின் மருமகன் நேற்று பார்த்தானாம். சாம்பல் நிற லாரி, ஓட்டினது இவர், முருகேன்தான், மீசை உட்பட. "லைசென்ஸ் திரும்ப வந்துடுச்சா?" என்று சந்தோஷமாகக் கேட்கிறார் கடைக்காரர்.

வரவில்லை. பொங்கலன்று மாலை இவர் ரோம் சாராயம் குடித்துவிட்டு முதலாளியின் லாரியை ஒரு சுவரில் ஏற்றினார். சுவரோரம் உட்கார்ந்திருந்தவருக்குக் கால் எலும்பு போயிற்று. கோர்ட்டில் அபராதம், ஒரு வருஷத்துக்கு லைசென்ஸ் ரத்து. குற்றத்தை லைசென்ஸிலேயே எழுதிவிட்டார்கள். அந்த ஒரு வருஷத்துக்குள் ஸ்டியரிங்கைத் தொட்டால் நேரே சிறைதான் என்று மாஜிஸ்திரேட் எச்சரித்தார். அன்று முதல் கரும்பு வெட்டு. ஒரு சொட்டு குடிக்கவில்லை.

ஒரு கிளாஸ்தான் குடித்தேன், அதற்குப் பிறகு ஒன்றும் நினைவில்லை என்று அன்றும் சொன்னார், இன்றும் சொல்கிறார். கோர்ட் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது கடைப் பேச்சைச் சொன்னேன். சிரித்தார். சாப்பாடு பாதியில் நின்றது.

ஜூலை 13. ஞாயிறு.

போலீஸ்காரர் வந்தார். யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். ரத்தான லைசென்ஸோடு ஓட்டுகிறானாம். திங்கள் எங்கே, புதன் எங்கே என்று கேள்வி. கொல்லையில் வேலை வாங்கும் சர்தாரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள் என்றேன். போகும்போது இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் போனதும் இவர் என்னிடம் இரண்டு கையையும் நீட்டினார்.

"மோந்து பாரு."

"என்னத்த?"

"பெட்ரோல். அன்னிக்கி நா ஓட்டினது எனக்கே தெரியல. இப்பவும் அப்படி ஓட்டுறேனோ? மோ பா கோனே. எனக்குத் தெரியல, லட்சுமி."

மோந்தேன். கரும்புச் சாறு, சோப்பு, வியர்வை. வேறொன்றும் இல்லை. "இல்லை" என்றேன். என் குரலே எனக்கு நிச்சயமாகக் கேட்கவில்லை.

இனி தினமும் மோந்து பார்க்க வேண்டுமாம்.

ஜூலை 16. புதன்.

போர்ட் லூயி. இரண்டு பேரும் போனோம். இவர் பேரில் புதிதாக ஏதாவது ஏறியிருக்கிறதா என்று லைசென்ஸ் ஆபீசில் கேட்க.

ஜன்னலில் முதலில் நான் கேட்டேன். குமாஸ்தா தலையாட்டினார். ஓட்டுநர் விவரம் போலீசுக்கும் கோர்ட்டுக்கும் ஓட்டுநருக்கும்தான். பெண்டாட்டிக்குக் கிடையாது.

இவர் குனிந்து முகத்தைக் காட்டினார்.

"மறுபடியும் நீயா?" என்றார் குமாஸ்தா. "போன வாரமே சொன்னேனே. ரத்தான லைசென்ஸுக்கு நகல் தரமாட்டோம்."

இவர் போன வாரம் போர்ட் லூயி பக்கமே வரவில்லை.

"வந்தே. லைசென்ஸ் தொலைஞ்சு போச்சு, நகல் வேணும்னே. பொங்கல் கேஸைச் சொன்னதும் சிரிச்சே. சிரிச்சுக்கிட்டே போனே."

இவர் பேரில் பொங்கல் கேஸ் ஒன்றுதான். வேறு எதுவுமில்லை. அதைக் கேட்டு நிம்மதிப்பட முடியவில்லை. இவர் முகத்தோடு யார் வந்தாலும் அந்த ஜன்னல் பதில் சொல்லும்.

திரும்பும் பஸ்ஸில் இவர் ஜன்னலோரம். ஊர் எல்லை தாண்டியதும் எதிரே ஒரு சாம்பல் லாரி. பாதை குறுகல், இரண்டு வண்டியும் ஊர்ந்தன. லாரியின் ஜன்னல் எங்கள் ஜன்னலுக்கு நேராக வந்தது.

ஸ்டியரிங்கில் இவர். என் பக்கத்திலும் இவர்.

அந்த முகம் நேரே சாலையைப் பார்த்தபடி போயிற்று. என் கையை இவர் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது.  வீட்டு வாசலில் சொன்னார்: "அது நா இல்ல. அது பாப்பா." பாப்பா என்றால் இவருடைய செத்துப்போன அப்பா.

ஜூலை 19. சனி.

 பூசாரியிடம் விபூதி. மதாம் பிலோமின் ஒரு பாட்டிலில் மாதா கோயில் தீர்த்தம் கொண்டுவந்தாள். இரண்டையும் வைத்துக்கொண்டேன்.

வகுப்புக்குப் போகவில்லை.

ஜூலை 22. செவ்வாய்.

எழுதக் கை ஓடவில்லை. இருந்தாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

காலை அதே போலீஸ்காரர். தொப்பியைக் கழற்றாமலே சொன்னார்: "முருகேன் நேத்து சாயங்காலம் மோகா கிட்ட லாரியோட பள்ளத்துல விழுந்தான். நல்ல போதை. டாக்டர் சோதிச்சுட்டார். லாக்கப்பில இருக்கான். வீட்டுல சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

இவர் கொல்லைப்புறத்திலிருந்து வாயில் பல்பொடி நுரையோடு வந்து நின்றார்.

போலீஸ்காரர் அப்போதுதான் தொப்பியைக் கழற்றினார்.

மூன்று பேரும் ஸ்டேஷனுக்குப் போனோம். பெஞ்சில் அவன். நெற்றியில் கட்டு. அதே மீசை, அதே காது, உட்காரும்போது வலது தோள் இறங்குவதுகூட அதேதான். இன்ஸ்பெக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஜன்னலைத் திறக்கச் சொன்னார்.

பெயர் ஜோசப். ஊர் பாம்பூ. என் மாமனார் பாம்பூ தோட்டத்தில் வேலை என்று வாரத்தில் பாதி நாள் அங்கேயே தங்குவார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அங்கே ஒரு வீடு இருந்தது யாருக்கும் தெரியாது. அவனும் மாமனாரின் பிள்ளை; அவன் அம்மா கத்தோலிக்கப் பெண். இவரும் அவனும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள். மாமனார் சாவுக்கு வந்து தெருவிலேயே நின்றுவிட்டுப் போயிருக்கிறான்.

லைசென்ஸ் எடுத்ததே இல்லை. அண்ணனுக்கு இருக்கிறதென்று தெரிந்து, அண்ணன் பெயரைச் சொல்லி லாரி வேலை வாங்கியிருக்கிறான். கடுதாசி கொண்டுவா என்று முதலாளி நெருக்கியதும் நகல் கேட்டு ஆபீசுக்குப் போனவன் அவன்தான்.

இவர் கிரியோலில் கத்தினார். நான் சிறைக்குப் போயிருப்பேனே, என் பெயர்தானா கிடைத்தது உனக்கு என்று.

 அவன் இவரை விட்டு என்னைப் பார்த்து, சுத்தமான தமிழில் சொன்னான்:

"மன்னிச்சுக்குங்க, அண்ணி. அவருக்கும் குடியாலதான் லைசென்ஸ் போச்சுன்னு அந்த ஆபீஸ்லதான் தெரிஞ்சுது. சிரிப்பு வந்துடுச்சு."

இந்தத் தீவில் யாரும் என்னோடு இப்படிப் பேசியதில்லை. எங்கே கற்றாய் என்றேன்.

"அப்பா எங்க வீட்டுல தமிழ்தான் பேசுவாரு."

எங்கள் வீட்டில் மாமனார் தமிழில் ஒரு வார்த்தை பேசியதில்லையாம்.

"குடிக்காதடான்னு அப்பா திட்டுவாரு. நீ இங்க குடிச்சா உன் அண்ணன் அங்க தள்ளாடுவான்னுவாரு. சின்னப் பிள்ளையிலேர்ந்து சொன்னது. நான் நம்பல." நெற்றிக் கட்டைத் தொட்டுக்கொண்டான். "அண்ணி, அவருக்கு விபத்து என்னிக்கு?"

பொங்கலன்று மாலை என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டான். அன்று அவன் அம்மாவை அடக்கம் செய்த நாள். மத்தியானம் தொடங்கி, விழும்வரை குடித்திருக்கிறான்.

"என்ன சொல்றான்?" என்றார் இவர்.

பிறகு சொல்கிறேன் என்றேன். 

ஜூலை 29. செவ்வாய்.

கோர்ட். ஒரு வாரமாக ஜாமீனில் வெளியே இருந்தவன் வந்து நின்றான். குடித்துவிட்டு ஓட்டியது, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது, பொய்ப் பெயர் சொன்னது. மூன்றுக்கும் சேர்த்து சிறை. இனி பல வருஷத்துக்கு லைசென்ஸ் கேட்கவே முடியாது. இவர் பேரில் எதையும் எழுதக் கூடாது என்று மாஜிஸ்திரேட் வாயாலேயே சொன்னார். இவர் அழுதார். எதற்கென்று எனக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும், அவன் ஸ்டேஷனில் சொன்னதையெல்லாம் கிரியோலில் சொன்னேன். அப்பா சொன்னது, பொங்கல், அம்மாவின் அடக்கம். கேட்டுவிட்டு எழுந்து போய்க் கோழிக்குத் தீனி வைத்தார்.

ஆகஸ்ட் 1. வெள்ளி.

வெயில் நன்றாக இருக்கிறது.

நேற்றிலிருந்து இவருக்குக் கை நடுக்கம். தேநீர் தளும்புகிறது. வியர்வை, எலும்பு நோவு. ஜுரமில்லை. பல மாதமாகக் குடிக்காத மனிதர். டிஸ்பென்சரிக்காரர் மோந்து பார்த்துவிட்டு, "குடியை எப்ப விட்டே? நேத்தா, முந்தாநாளா?" என்று கேட்டார்.  

சிறையில் அவனுக்கு யார் ரோம் கொடுக்கப் போகிறார்கள்.

ஆகஸ்ட் 3. ஞாயிறு.

நடுக்கம் குறையவில்லை. விடிந்ததும் இவரே சொன்னார்: "போலாம். அவனப் பாக்க."

ரொட்டி சுட்டேன், பருப்பு வைத்தேன். மதாம் பிலோமின் வாழைப்பழம் கொடுத்தாள். இவர் பெட்டியைத் திறந்து, கல்யாணத்துக்குத் தைத்த சட்டையை எடுத்து மடித்தார். அவனுக்குச் சரியாக இருக்குமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

ரோட்டில் நிற்கும்போது இவர் என்னிடம் கேட்டார்: "தம்பி. தமிழ்ல அப்படித்தானே கூப்பிடணும்?"

ஆமாம் என்றேன். பஸ் வரும்வரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.