முதல் அகப்பை

எங்கள் வான் வண்டிக்குள் மோர்மிளகாய் பொரித்த மணம் இன்னும் போகவில்லை. கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே உனக்கு எழுதுகிறேன். இன்று யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு கலியாணம். மண்டபக்காரர் தானாகவே அழைத்தார். “தங்கச்சி, முதல் அகப்பை போட்டாச்சு. கெதியா வாங்கோ.” நீ கொண்டுவந்த வழக்கத்தை ஏதோ தன் பரம்பரை வழக்கம் போலச் சொல்கிறார் மனிதர். எனக்குக் கொஞ்சம் எரிச்சல், நிறையப் பெருமை.

நாம் தொடங்கியபோது, கலியாண வீட்டுச் சாப்பாட்டை முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோகும் இதை ஒரு வேலையென்று யார் மதித்தார்கள்? நீ வங்கி வேலையை விட்டுவிட்டு வந்தாய். குருநகரில் என் அம்மா, “கம்பஸிலை படிச்சது வாளி தூக்கவோடி?” என்று வீதிக்கே கேட்கக் கத்தினா.

முதல் நாள் நினைவிருக்கிறதா? பந்தியெல்லாம் முடிந்தபின் மிஞ்சிய சோற்றையும் கறிகளையும் ஏற்றிக்கொண்டு முதியோர் இல்லத்தில் போய் இறங்கினோம். வாசலில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஐயா இருந்தார்.

“பந்தி முடிஞ்சுதோ?”

“ஓம் ஐயா.”

“அப்ப இது மிச்சம். நாங்கள் ஆரின்ரையும் மிச்சம் தின்னுற ஆக்களில்லை, பிள்ளையள். கொண்டு போங்கோ.”

அவர் எழும்பாததால் வேறு ஒருவரும் எழும்பவில்லை. இனி வரவேண்டாம் என்று பொறுப்பாளரும் சொல்லிவிட்டார். வாங்க ஆளில்லையென்றால் நம் வேலை அன்றோடு சரி. வானில் ஏறியதும் நான் வெடித்தேன்: “உந்த மனுசனுக்கு உவ்வளவு ரோசமோ?”

நீ சிரித்தாய். “ரோசம் இருக்கட்டுமேடி. பிந்திப் போனது நாங்கள்தானே.”

அடுத்த கலியாணத்தில் நீ நேரே சமையற்கொட்டிலுக்குப் போய், பந்தி வைக்குமுன் எங்கள் பங்கைத் தரும்படி பெண்ணின் தகப்பனைக் கேட்டாய். அவர் திகைத்துப்போனார். “மாப்பிளை வீட்டாரே இன்னும் கை நனைக்கேல்லை. அதுக்கு முன்னம் வெளியாலையோ?”

“சாப்பாடு எப்பிடியும் மிஞ்சும் ஐயா. குறைஞ்சா மரியாதையில்லை எண்டு கூடத்தானே சமைக்கிறியள். பிறகு தந்தா அது மிச்சம். இப்ப தந்தா அது கலியாணச் சாப்பாடு.”

 அவர் சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, தானே அகப்பையைப் பிடித்தார். ஆவி பறக்கும் சோற்றோடு நாம் போய் நின்றபோது தபாலதிபர் ஐயா அதே கேள்வியைக் கேட்டார். “இன்னும் பந்தி வைக்கேல்லை ஐயா” என்றாய். அவர் உள்ளே போய்த் தன் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்து வந்தார்.

இன்று யாழ்ப்பாணத்துப் பெரிய ஹோட்டல்கள் எங்களைக் கூப்பிட்டுக் கதைக்கின்றன. என் பெயர் அட்டையில் ‘கூட்டாண்மை முகாமையாளர்’ என்று இருக்கிறது. அம்மா அதில் ஒன்றை மாதா படத்துக்குக் கீழே செருகி வைத்திருக்கிறா. வாளி மட்டும் இன்னும் நான்தான் தூக்குகிறேன்.

நீ போனபின் முப்பத்தோராம் நாள், உன் அந்தியேட்டியன்று உன் வீட்டில் நடந்ததை நீ அறியமாட்டாய். உனக்குப் படைக்க இலை போட்டாயிற்று. உன் அம்மா அடுப்படியிலிருந்து வாளியோடு வந்து என் கையில் தந்தா. “முதல் அகப்பை இது. கொண்டு போ, பிள்ளை.”

“ஆத்துமாவுக்குப் படைக்க முன்னமோ?” என்று உன் பெரியம்மா பதறினா.

“ஓம். என்ரை பிள்ளை பொறுத்திருப்பாள்.”

வழி முழுக்க அழுதுகொண்டே ஓட்டினேன். இல்லத்து வாசலில் ஐயா வழமைபோலக் கேட்டார். “பந்தி வைச்சாச்சோ?”

“இல்லை ஐயா. அவளுக்கே இன்னும் படைக்கேல்லை.”

அவர் உட்கார்ந்திருந்த கதிரையிலிருந்து எழும்பி, இரண்டு கைகளாலும் கோப்பையை நீட்டினார்.

இன்றைக்கும் கேட்பார். இதோ, மண்டபத்துக்கு வானை எடுக்கப் போகிறேன். பந்தி வைக்க இன்னும் நேரமிருக்கிறது.