பாட்டை நிறுத்திய புதன்கிழமை

என் அன்பு ரெபேக்கா அண்ணி,

இங்கே எல்லோரும் சுகம். அண்ணனுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, நாக்குதான் இல்லை. நீங்கள் போன பிறகு சமையல் என் தலையில் விழுந்தது. என் சாம்பாரை வாயில் வைக்கும்போதெல்லாம் உங்கள் பேரைச் சொல்லிப் பெருமூச்சு விடுகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அழுகையும் வருகிறது.

புதன்கிழமை ஜெபக்கூட்டத்தை இப்போது நான்தான் நடத்துகிறேன். அண்ணன் மைன்ஸிலிருந்து ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து வடக்குத்துக்கு வந்தபோது இந்த வாடகை வீட்டு ஹாலில் நீங்கள் ஆரம்பித்தீர்களே, அதே கூட்டம், அதே மத்தியான வேளை. உங்கள் அளவுக்குத் தொண்டை எனக்கு ஏது? ஆனாலும் பாட்டுக்கும் கைத்தட்டலுக்கும் குறை வைக்கவில்லை.

நீங்கள் பார்க்காத ஒரு குடும்பம் பக்கத்து வீட்டுக்கு வந்தது. ஏழுமலை, அவர் மனைவி செல்வி. வளையமாதேவிக்காரர்கள். நிலம் மைன்ஸுக்குப் போய்விட்டது, அதே மைன்ஸில் அவர் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறார். நாங்கள் பாட ஆரம்பித்தால் போதும், நம் கேட்டைக் கட்டையால் தட்டி "நிறுத்துங்க!" என்று கத்துவார். அதோடு விட்டாரா? வீட்டுக்காரரிடமும் போய்ச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். "மதம் மாத்துறீங்கன்னு தெருவுல பேசிகினு இருக்காங்கம்மா. இனிமே சத்தம் வந்துச்சுன்னா வூட்ட காலி பண்ணிடுங்க. எனக்கு எதுக்கு வம்பு?"

பாஸ்டரிடம் ஓடினேன். "எதிர்ப்பு வருதுன்னா ஊழியம் சரியா போகுதுன்னு அர்த்தம் சிஸ்டர், பின்வாங்காதீங்க" என்றார். அது போதாதா நமக்கு? அடுத்த புதன்கிழமை நம் கூட்டத்து மேரி ஜல்ஜல்லென்று தட்ட ஒரு டாம்பரின் கொண்டுவந்தாள். கேட்டில் கட்டை விழ விழ, நாங்கள் சத்தத்தைக் கூட்டினோம். நீங்கள் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள், இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அன்றைக்குச் சாப்பிடும்போது அண்ணன் சொன்னார். "ஏம்மா கிரேஸ், அந்தப் பக்கத்து வீட்டுப் பையன் தினம் விடிஞ்சப்புறம்தான் ஹெல்மெட்டோட வீட்டுக்கு வர்றான். எப்பவும் நைட் ஷிஃப்ட்தான் போல. அவன் தூங்குற நேரத்துல காதுகிட்ட போய்ப் பாடினா கொஞ்சுவானா?"

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீ எங்க கேட்ட?"

எனக்கு முகம் செத்துவிட்டது, அண்ணி. குவார்ட்டர்ஸில் மிக்ஸி போடுவதற்கு முன்னால்கூட நாம் பக்கத்து வீட்டில் "இந்த வாரம் என்ன ஷிஃப்ட்?" என்று கேட்போம். நைட் ஷிஃப்ட் போன ஆள் தூங்குகிறார் என்றால் அந்த வரிசையே கிசுகிசுவென்றுதான் பேசும். பிள்ளைகளுக்குக்கூட அது தெரியும். காண்ட்ராக்ட் ஆளிடம் அதைக் கேட்க எங்கள் ஒருத்திக்கும் தோன்றவில்லை. எதிர்ப்பு என்று பெயர் வைப்பது சுலபமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் அவர் வேலைக்குக் கிளம்புமுன் போய் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க எந்தச் சாமிய வேணா கும்புடுங்க, எனக்கு இன்னா? பகல்ல தூங்கலன்னா ராத்திரி நிலக்கரி ஓடுற பெல்ட்டுகிட்ட நின்னுகினே தூங்கிடுவேன். கை போயிடும்ங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

பாட்டை நிறுத்தினேன். எங்கள் கூட்டத்தில் பலருக்கு மத்தியானத்தை விட்டால் வேறு நேரம் வாய்க்காது. அதனால் மௌனமாக ஜெபிப்போம் என்றேன். அப்போதுதான் உண்மையான எதிர்ப்பு வந்தது, நம்மவர்களிடமிருந்து. "ஊமை ஜெபத்துக்கு நான் வரல, நீ மனுஷனுக்குப் பயப்படுற" என்று மேரி டாம்பரினோடு எழுந்து போய்விட்டாள். அவள் பின்னால் இன்னும் சிலர் போனார்கள். பாஸ்டருக்கும் வருத்தம்தான். உங்கள் கூட்டத்தை நான் கலைத்துவிட்டேனோ என்று பயந்தேன்.

மிச்சமிருந்தவர்கள் கண்ணை மூடி உட்கார்ந்தோம். ஃபேன் சத்தம் மட்டும்தான். கொஞ்ச நேரத்தில் யாரோ அழுவது கேட்டது. எங்களில் ஒருத்தி என்று நினைத்துக் கண்ணைத் திறந்தேன். இல்லை. எழுந்துபோய் ஜன்னலில் பார்த்தால், பக்கத்து வீட்டுப் பின்கட்டில், துணி துவைக்கிற கல்லருகே, செல்வி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுகிறாள். தினமும் அவர் தூங்குகிற அந்த நேரத்தில்தான் அழுவாளாம். இத்தனை மாதம் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம்?

அவளுடைய முதல் குழந்தை, பெண் குழந்தை, தலை நிற்பதற்குள் காய்ச்சலில் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் ஊரை விட்டு இங்கே வந்திருக்கிறார்கள்.

அவள் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். ஏழுமலை முதல் நாளே சொல்லிவிட்டார். "வர்றதுன்னா வெறுங்கையோட வாங்க. பைபிள எடுத்துகினு வந்து பேச ஆரம்பிச்சீங்கன்னா வூட்டுக்காரர்கிட்ட சொல்லிடுவேன்." சரி என்றேன். கீரை ஆய்ந்தேன், பூண்டு உரித்தேன். ஆண்டவர் பேரை வாயில் எடுக்கவில்லை. பாஸ்டர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "வாசல் திறந்திருக்கு சிஸ்டர், சந்தர்ப்பத்தை விட்டுடாதீங்க" என்பார். விடுகிறேனா பிடிக்கிறேனா, எனக்கே தெரியவில்லை.

போன வாரம் ஒருநாள் ஏழுமலைக்கு லீவு. தின்பண்டத் தட்டோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். செல்வி திடீரென்று கேட்டாள்.

"அக்கா, எம் பொண்ணு இப்ப எங்க இருப்பா? உங்க சாமிகிட்ட சேத்துப்பாங்களா?"

அவர் கை தட்டிலேயே நின்றது. என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தால் வாக்கு மீறியவள். வீடும் போகலாம், கூட்டமும் போகலாம். திறக்காவிட்டால் நான் யார்? ஞானஸ்நானம் வாங்காத குழந்தை பற்றிப் பாஸ்டர் என்ன சொல்வார் என்றும் யோசனை ஓடியது. ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

"சேத்துப்பாங்கம்மா. எங்க அண்ணி அங்கதான் இருக்காங்க. பாத்துக்கச் சொல்றேன்."

ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டார். தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு, "சொல்லுங்க" என்றார்.

அதற்காகத்தான் அண்ணி இந்தக் கடிதம். பேர் யாழினி. வலது காதுக்குக் கீழே மச்சம் இருக்குமாம். குப்புறப் படுக்க வைத்து முதுகைத் தட்டினால்தான் தூங்குவாளாம். கொஞ்சம் தேடிப் பாருங்கள். கிடைத்தால் தூக்கிக்கொள்ளுங்கள், மெதுவாகப் பாடுங்கள்.

அவள் அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சண்டை போட ஆளில்லாத உங்கள் நாத்தனார்,
கிரேஸ்