பொம்மைக்கு அடியில் இருந்த உன் அட்டை

இன்று காலை கொலுவுக்காகப் பரண் மேலிருந்த பீங்கான் பொம்மைகளை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள் என் மனைவி. விருத்தாசலத்தில் இருந்தபோது வாங்கிய செட்டியார் பொம்மை ஒன்று உண்டு. சூளையிலேயே அடி கோணிப்போனது. ஆடாமல் நிற்பதற்காக அதன் அடியில் ஒரு அட்டையை மடித்துக் கொடுத்து வைத்திருந்தேன்.

"இது இன்னாங்க, ஓட்டை ஓட்டையா இருக்குது? தூக்கிப் போட்டுடட்டுமா?" என்றாள்.

வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். ஓரத்தில் டீக் கறை. மேலே மங்கலாக அச்சான ஒற்றை வரி. உன் கம்ப்யூட்டர் ப்ரோகிராமின் அட்டை அது. உடனே வயிறு எரிந்தது. இத்தனை வருஷம் கழித்தும் எரிகிறது, போ.

போன மாதம் உன் மகள் போன் செய்திருந்தாள். "தூக்கத்துலயே போயிட்டாரு அங்கிள்" என்று அழுதாள். ஆறுதல் சொல்லிவிட்டுப் போனை வைத்தபின் நானும் அழுதேன். அழுது முடித்ததும் முதலில் வந்த நினைப்பு என்ன தெரியுமா? இதிலும் இவன் முதல் தடவையிலேயே பாஸ் செய்துவிட்டான் என்பதுதான். நான் இங்கே முழங்காலும் சர்க்கரையுமாக மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருக்கிறேன். தப்புப் பட்டியலோடு திரும்பத் திரும்ப வந்த என் ப்ரோகிராம்கள் மாதிரியேதான் நானும்.

உனக்கு எல்லாம் அப்படித்தான் நடந்தது. விருத்தாசலம் பீங்கான் ஆய்வுக்கூடத்தில் நாம் இரண்டு பேரும் ஒரே மேஜையின் எதிரெதிர்ப் பக்கம். சூளையை அவசரமாக ஆற விட்டால் உள்ளே இருக்கும் பீங்கான் விரிசல் விட்டுவிடும். எந்த நேரத்தில் எவ்வளவு சூடு இறங்கலாம் என்று கணக்குப் போட்டுத் தருவது நம் வேலை. கணக்கைப் போடும் கம்ப்யூட்டரோ மெட்ராஸில் ஒரு கல்லூரியில் இருந்தது. இங்கே ப்ரோகிராமைக் காகிதத்தில் எழுதுவோம். அங்கே போய் அட்டையில் துளை போட்டு வருவோம், ஒரு வரிக்கு ஓர் அட்டை. ஊருக்குக் கொண்டுவந்து சரிபார்த்து, அடுத்த முறை போய் ஓட்டுவோம். ஒரு அட்டை இடம் மாறினாலும் எல்லாம் போச்சு.

நான் என் கட்டின் மேல்பக்கம் சிவப்புப் பென்சிலால் சாய்வாக ஒரு கோடு இழுத்துவைப்பேன். கட்டு சிதறினாலும் கோட்டைச் சேர்த்தால் வரிசை வந்துவிடும். எல்லா அட்டையிலும் வரிசை எண்ணும் போடுவேன். நீ இரண்டும் செய்ய மாட்டாய். "விழுந்தாத்தானடா கோடு வேணும்? நான் ஏன் விழ வுடறேன்?" என்பாய். ப்ரோகிராமில் சூட்டுக்கு நான் அழகாகப் பெயர் வைத்து எழுதுவேன். நீ 'டி', 'டிடி', 'டிடிடி' என்று கிறுக்குவாய். உன்னுடையது ஓடும்.

அந்த வருஷம் மெட்ராஸ் கம்ப்யூட்டர் அறையிலேயே ஒரு வேலை காலியானது. நம்மில் யாருடைய ஆறவிடும் அட்டவணை முதலில் சரியாக வருகிறதோ அவர் பெயரைச் சிபாரிசு செய்வதாக நம் அதிகாரி சொன்னார். எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. எழுதியதை எழுதிய அன்றே ஓட்டிப் பார்க்கலாம் என்ற நினைப்பே எனக்குக் கிறுகிறுப்பாக இருந்தது. இப்போதைய பிள்ளைகள் எழுதி முடிப்பதற்குள் தப்பைத் திரை காட்டிவிடுகிறது. அவர்கள் மேலும் எனக்குப் பொறாமைதான்.

ஓட்டப் போன அன்று விருத்தாசலம் ஜங்ஷனில் நீ ஒரு கையில் டீயும் இன்னொரு கையில் அட்டைப் பெட்டியுமாக நின்றாய். செருப்புப் பெட்டி, பூக்கட்டும் நூலால் சுற்றியது. வண்டி வரும்போது நூல் அறுந்தது. பிளாட்பாரம் முழுக்க உன் ப்ரோகிராம் பறந்தது, அதன்மேல் டீயும் கொட்டியது. கூடை வைத்திருந்த ஒரு அம்மா குனிந்து பொறுக்கிக் கொடுத்தார். "இவ்ளோ டிக்கெட்டு எந்த ஊருக்குத் தம்பி?" என்று கேட்டார். நீ சிரித்தாய். அந்த நேரத்திலும் உனக்குச் சிரிப்பு வந்ததே என்று அதற்கும் எரிச்சல்பட்டேன்.

வண்டியில் உட்கார்ந்ததும் நீ பெட்டியை மூடிவிட்டாய். "எழுதுனதோட சரி, திரும்பிக்கூடப் பாக்கல. காகிதமும் வூட்ல கெடக்குது. வுடுடா, நீ உன்னுத ஓட்டு. வேல உனக்குத்தான்" என்றாய்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். உளுந்தூர்பேட்டை வரை இருந்தும் பார்த்தேன். முடியவில்லை. நல்ல மனசு என்று நினைத்துக்கொள்ளாதே, உனக்காகச் செய்யவில்லை. அவ்வளவு நல்ல ப்ரோகிராம் கலைந்து கிடப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. பெட்டியைப் பிடுங்கி மடியில் துண்டை விரித்து அடுக்க ஆரம்பித்தேன். நீ மேஜையில் இல்லாத போதெல்லாம் உன் காகிதங்களை எடுத்துப் படித்திருந்தேன். எங்கே தப்பு இருக்கும் என்று தேடித் தேடி, தப்பே கிடைக்காமல், வரிவரியாக மனப்பாடமாகியிருந்தது.

"டேய், இந்த டிடிடி எங்க வரும்னு எனக்கே தெரியல. உனக்கு எப்பிடிடா தெரியுது?"

"வயித்தெரிச்சல்டா" என்றேன்.

நான் அடுக்கி வைத்த அட்டைகளை நீ ஒவ்வொன்றாகப் பார்த்தாய். "எழுதுன நான்கூட இத இவ்ளோ ஆசையாப் படிச்சதில்லடா" என்றாய். நான் அடுத்த அட்டையைத் தேடி எடுத்தேன்.

டீயில் ஊறிய அட்டையை மட்டும் அங்கே போய்ப் புதிதாகத் துளைத்தோம். பழையதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கோடு போட்டு, எண் போட்டு, ஒவ்வொரு படியிலும் தன்னைத்தானே சோதித்துக்கொண்டு போன என் ப்ரோகிராம், கொடுத்த நேரத்துக்குள் முடியாமல் பாதியில் நிறுத்தப்பட்டது. உன்னுடையது முதல் தடவையிலேயே ஓடியது. அந்த அட்டவணைப்படி ஆறவிட்ட சூளையைத் திறந்தபோது ஒன்றில்கூட விரிசல் இல்லை. யார் அடுக்கியது என்று நீ அதிகாரியிடம் சொல்லத்தான் செய்தாய். அவர் "அப்பிடியா?" என்றார், அவ்வளவுதான். நீ மெட்ராஸ் போனாய். அதே மாதிரி ஒரு வேலை எனக்கும் பிறகு வேறோர் ஊரில் கிடைத்தது. உன் பெட்டியை ரயிலேற்றிவிட ஜங்ஷனுக்கு வந்தவனும் நான்தான்.

என் மனைவி அட்டையைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். பொம்மை ஆடுகிறதாம். வேறு ஏதாவது வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

இந்த அட்டை எந்த வரிக்கு அடுத்தது என்று எனக்குத் தெரியும். அதற்கு அடுத்ததும் தெரியும். கடைசி வரி வரைக்கும் சொல்வேன். நான் எழுதியவற்றில் ஒரு வரிகூட இப்போது நினைவில் இல்லை. நீயும் போய்விட்டாய், உன் காகிதங்களும் போய்விட்டன. நீ எழுதியது இப்போது என் தலையில் மட்டும்தான் இருக்கிறது. எனக்கு அதைவிட நன்றாக ஒன்றை எழுத வரவில்லை என்ற வயிற்றெரிச்சலோடு, பத்திரமாக இருக்கிறதடா.