ஆயுத பூஜைக்கு நெருப்பு மூட்டப் போகிறார்கள்

என் அருமை மச்சானுக்கு,

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. நம் காஹாங் ஊரில் மழை விட்டபாடில்லை. உன் படத்துக்குப் பூ வைக்கும்போதெல்லாம் உன் தங்கை என்னைத்தான் திட்டுகிறாள், நீ போனதற்கு நான்தான் காரணம் என்பதுபோல. சிரிக்காதே. சிரிக்கிற நிலையில் நான் இல்லை.

பனையெண்ணெய் ஆலை வாசலில் நிற்கும் நீராவி இன்ஜினைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். செம்பனைக் குலை இழுத்து ஓய்ந்து, துருப்பிடித்துக் கிடந்ததை நீயும் நானும் துடைத்து நிறுத்தினோமே, அதேதான். வருகிற ஆயுத பூஜைக்கு அதில் நெருப்பு மூட்டப் போகிறார்கள். விருந்தாளிகள் முன்னால் விசில் ஊத வேண்டுமாம். விறகு போட ஏறப்போவது உன் மகன் குமரன்.

போன வாரம் பாய்லரின் அடியில், சாம்பல் தங்கும் மூலையைச் சுத்தியலால் தட்டினேன். கணீரென்று கேட்கவில்லை. அழுகின தேங்காயைத் தட்டின மாதிரி இருந்தது. பெயிண்டைச் சுரண்டினால், ஸ்குரூடிரைவர் தகட்டுக்குள்ளேயே இறங்கிவிட்டது.

எத்தனை ஆயுத பூஜைக்குப் பெயிண்ட் அடித்திருப்போம், மச்சான்? பழையதைச் சுரண்டினால் லட்சுமி போய்விடுவாள் என்பாய். மேலேயே பூசி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைப்போம். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் தகட்டைத் தின்றிருக்கிறது. பாய்லரோடே காலம் தள்ளிய நாம் இரண்டு பேரும் இதை யோசிக்கவே இல்லையே. இல்லை, நீ யோசித்தாயா?

குமரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு நாளில் வந்து சொன்னான்:

"மாமா, ஓட்டையில பட்டி பூசி அடைச்சாச்சு லா. விசில் ஊதுற அளவுக்குத்தான் ஸ்டீம்."

"பட்டி கார்ல பள்ளம் அடைக்கிறதுக்குடா. வெடிச்சா உன்ன அள்ளக்கூட முடியாது."

"நீங்க ரொம்ப பயப்படுறீங்க. மேனேஜரே ஓகே சொல்லிட்டாரு. அப்பா இருந்திருந்தா அவரே ஏறியிருப்பாரு."

நேற்று தண்ணீர் நிரப்பிவிட்டார்கள். புதுப் பெயிண்ட் பளபளக்கிறது. அந்த மூலையில் மட்டும் முத்து முத்தாக வேர்த்திருந்தது. துடைத்தேன், மறுபடியும் வேர்த்தது.

யாரையும் அந்த இன்ஜினில் கை வைக்க விடமாட்டேன் என்று ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்துச் சொன்னேன். நாளை காலை நானே கை வைக்கப் போகிறேன். தண்ணீரை வடித்துவிட்டு, எந்தப் பட்டியாலும் அடைக்க முடியாதபடி கேஸ் கட்டரால் பாய்லரை வெட்டிவிடுவேன். இது சத்தியம், மச்சான். அதன் பிறகு குமரன் என் வாசலை மிதிக்க மாட்டான். பரவாயில்லை, மிதிக்காமல் இருக்க அவனுக்குக் கால் இருக்கும்.

உன் தங்கையைக் கட்டிய மச்சான்,
ராமு