மே மாதத்துக் கடல்

ஆகஸ்ட் 4, திங்கள்

வெயில். மலை உச்சியில் மட்டும் ஒரு துண்டு மேகம். ஆடிக் காற்றில் மேசை முழுக்கப் புழுதி.

செய்ய வேண்டியவை: கேஸ் சிலிண்டர் பதிவு. சுரேஷ் சட்டைக்குப் பட்டன். அறிக்கை.

அறிக்கைதான் உயிரை வாங்குகிறது. கடலூர்ப் பக்கம், அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் மிதவை ஒன்றைச் சோதனைக்காகக் கடலில் இறக்கியிருக்கிறார்கள். அதன் சத்தம் மீன்களை விரட்டுகிறதா என்று சொல்ல வேண்டியவள் நான். கடலே இல்லாத ஊரில், செங்கம் ரோட்டுச் சந்தில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு. இறக்குவதற்கு முன் நீருக்கடியில் மைக் வைத்துச் சத்தத்தைப் பதிந்தது மே மாதம். இறக்கிய பின் பதிந்தது ஜூலை. இரண்டையும் ஒப்பிட்டால் வேலை முடிந்தது.

மேயில் கடல் தூங்குகிறது. ஜூலையில் ஒரே இரைச்சல். அப்படியானால் குற்றவாளி மிதவைதானே?

படிவத்தில் இரண்டே கட்டம். பாதிப்பு உண்டு, இல்லை. கீழே என் கையெழுத்து. 'உண்டு' என்றால் மிதவையைத் தூக்கிவிடுவார்கள். 'இல்லை' என்றால் அதே இடத்தில் இன்னும் பத்து இறங்கும்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து அம்மா போன். "கடல்ல கரண்டு எடுக்கறது இருக்கட்டும்டி. இங்க மல்லாட்டைப் பயிருக்குத் தண்ணி கட்ட மோட்டாரு ஓட மாட்டேங்குது."

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஒன்றும் புரியவில்லை. அலை பெரிதானால் மிதவை அதிகம் ஆடும், சத்தமும் கூடவேண்டும். ஆனால் அலை கம்மியான நாட்களிலும் அதே இரைச்சல். ஜூலை 27, ஞாயிறு மட்டும் தலைகீழ். நல்ல அலை, மிதவை நாள் முழுக்க ஓடியதாகக் குறிப்பு, ஆனால் கடல் பரம சாது. மைக் கெட்டுவிட்டதா? என் காதா?

தோசை கருகியது. சுரேஷ் வேங்கிக்கால் ஆபீசுக்குக் கிளம்பும்போது, "நீ கடலுக்கே போயிட்டு வந்துடு. நானாவது நிம்மதியா சாப்புடுவேன்." நல்ல புருஷன்.

ஆகஸ்ட் 6, புதன்

சென்னை ஆபீசிலிருந்து மேடம் போன். "உண்டுனா உண்டுனு போடுங்க, இல்லனா இல்லனு போடுங்க. திங்கக்கிழம காலைல எனக்கு வந்துடணும்." என் ஒப்பந்தம் செப்டம்பரோடு முடிகிறது. நீட்டிப்பது அவர் கையில்.

'உண்டு' கட்டத்தில் பென்சிலால் டிக். அழித்தேன். மறுபடி டிக். அழித்தேன். தாள் ஓட்டையாகும் போலிருக்கிறது.

பட்டன் தைத்தாயிற்று. நீல நூல் இல்லை, கறுப்பு.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பௌர்ணமி. மதியத்திலிருந்து சந்து முழுக்கக் கார், வேன், ஹார்ன். கிரிவலம் வந்தவர்கள் எங்கள் கேட்டை மறைத்து வண்டியை நிறுத்திவிட்டுப் போயாயிற்று. போன பௌர்ணமிக்கு அப்புறம்தான் இந்த வீட்டுக்கு வந்தோம். பார்க்க வந்தது ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை. வீட்டுக்காரர் அன்றைக்கு, "எறும்பு ஊர்ற சத்தங்கூட கேக்கும்" என்றார். கேட்டது.

சுரேஷ் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார். "இந்த ஜில்லாலயே பொறந்து வளந்திருக்கோம். பௌர்ணமி அன்னிக்கி வந்து வீட்ட பாக்கணும்னு தோணுச்சா நமக்கு?"

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். மே மாதக் கடலை நான் எந்தக் கிழமையில் பார்த்தேன்?

ஏழுமலை அண்ணனுக்குப் போன் போட்டேன். இரண்டு முறையும் தன் படகில் போய்க் கடலில் மைக்கை இறக்கியவர் அவர்தான். கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன்.

"மே மாசம் தடைக்காலமாச்சேமா. மீன் குஞ்சு பொரிக்கிற சமயம், லாஞ்சுப் படகு ஒண்ணுகூட ஓடாது. நான் சும்மா இருந்ததாலதான உன் மைக்க எறக்க வந்தேன்."

"ஜூலை இருபத்தேழு?"

"அன்னிக்கி எங்க அம்மன் கோயில்ல கூழ் ஊத்தனோம். யாரும் கடலுக்குப் போவல."

மே என்று குறித்தது நான். படகு சுலபமாகக் கிடைக்கிறது என்று மெயிலில் பெருமையாக வேறு எழுதியிருக்கிறேன். ஏன் சுலபமாகக் கிடைக்கிறது என்று யோசிக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

குழப்பம் தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது. ஜூலை இரைச்சல் படகுகளுடையது. சரி. மிதவை தனியாகக் கேட்டது அந்தக் கூழ் ஞாயிறு மட்டும். அன்றைக்கு அமைதி. அந்த ஒரே நாளை நம்பி, பத்து மிதவைக்குக் கையெழுத்தா?

சுரேஷ்: "இல்லைனு போட்டுடு. மெதவையும் தப்பிச்சுது, நீயும் தப்பிச்ச."

ஆசையாகத்தான் இருக்கிறது. யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஏழுமலை அண்ணனே கூப்பிட்டார். "பத்து எறக்கப் போறாங்களாமே. நாங்க வல போடற எடம்மா அது. மீன் நிக்குமா, ஓடிடுமா? அத மட்டும் சொல்லு."

"தெரியலண்ணா."

"எதுக்குமா இந்த மைக்குனு அன்னிக்கே கேட்டேன். சொல்லியிருந்தா, கடலு இப்ப லீவுல கீதுனு அப்பவே சொல்லியிருப்பேன்."

அவர் கேட்டது ஞாபகம் இருக்கிறது. "அதெல்லாம் டெக்னிக்கல்ணா" என்றேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மேகமூட்டம். மலை தெரியவில்லை.

இரண்டு கட்டத்திலும் டிக் இல்லை. நடுவில் பேனாவால் எழுதினேன்: 'தெரியவில்லை. மே மாதத்தைத் தேர்ந்தெடுத்தது என் தவறு. படகுகள் ஓடும் நாட்களில், மிதவையை நிறுத்தியும் ஓட்டியும் மறுபடி பதிய வேண்டும். எந்த நாட்கள் என்று அங்கே மீன்பிடிப்பவர்களைக் கேட்க வேண்டும்.' கையெழுத்து.

9.40 போட்டோ எடுத்து மெயிலில் அனுப்பியாயிற்று. கேஸ் இன்னும் பதியவில்லை.

9.52 மேடம் அழைக்கிறார். முழு மணியும் அடித்து நின்றது.

மறுபடி.