சியாசியைப் பார்த்துக் கத்திய சொல்

கோட்-டெ-நெய்ஜ், மொன்றியல்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் லக்ஷனுக்கு,

உன் மனைவி சியாசி என் கட்டிலில் படுத்திருக்கிறாள். வயிற்றில் பிள்ளை அசைகிறது. நானே தொட்டுப் பார்த்தேன். இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியை வாசி. போனில் சொன்னால் அழுதுவிடுவேன். அதனால்தான் நீ இருக்கும் வடக்கே வேலைக்குத் திரும்பும் அன்டனிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை அவளை டொக்டரிடம் காட்டிவிட்டு மெட்ரோவுக்காக நின்றோம். ஒருவன் அவள் முகத்தைப் பார்த்து "எஸ்கிமோ, எஸ்கிமோ" என்று கத்திக்கொண்டு கிட்ட வந்தான். அவள் பின்னால் நகர்ந்தாள். பின்னால் தண்டவாளம். எனக்கு எண்பத்துமூன்றில் கொழும்பு பஸ்தான் கண்முன் வந்தது. அன்றும் முதலில் ஒரு பெயரைத்தான் கத்தினார்கள். பிறகுதான் உன் பெரிய மாமாவை இறக்கினார்கள்.

நான் அவளை இழுத்துச் சுவரோடு நிறுத்திவிட்டு, "இவள் என்ர பிள்ளையடா, தள்ளிப் போ!" என்று தமிழிலேயே கத்தினேன். அவன் எனக்கும் ஒரு பெயர் சொல்லிச் சிரித்தான், அதை எழுதமாட்டேன். வந்த ரயிலில் ஏறிப் போய்விட்டான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே இருந்துவிட்டாள். திரும்ப ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, ஆறுதலாகப் படுத்திருக்கட்டும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். பச்சை இறைச்சி தின்பவர்கள் என்று சிலர் சொல்வார்களாம். இல்லை, பனியில் புதையாமல் நடக்க வலைச் சப்பாத்து பின்னுபவர்கள் என்று படித்தவர்கள் சொல்கிறார்களாம். எதுவானாலும் மற்றவர்கள் வைத்த பெயர்தானே என்றாள். அவர்களுடைய பாஷையில் இனுக் என்றால் ஓர் ஆள். இனுவிட் என்றால் மனிதர்கள். அவ்வளவுதானாம்.

நேற்று மேல்வீட்டு இரவிச்சந்திரன் அண்ணை, "அந்த எஸ்கிமோப் பிள்ளை சுகமோ?" என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். ஆனாலும் "அப்பிடிச் சொல்லாதேங்கோ அண்ணை, அவள் இனுக்" என்றேன். பாவம், முகம் சிறுத்துப் போனார்.

உனக்கு எழுதவேண்டாம் என்றாள். நீ அவனைத் தேடிப்பிடித்து அடிப்பாய் என்று பயப்படுகிறாள். வாசலைத் தாண்ட மாட்டேன் என்கிறாள். வா பிள்ளை என்று கூப்பிட எனக்கும் தைரியமில்லை. ஆனால் இந்தச் செவ்வாய் இல்லை, அடுத்த செவ்வாய்க்கிழமை திரும்ப டொக்டரிடம் போயே ஆகவேண்டும்.

லீவு கேட்டு வா ராசா. சண்டைக்கு வராதே. அவளுக்கு ஒரு பக்கம் நீ, மற்றப் பக்கம் நான் நடந்தால் போதும். நல்லூர்க் கந்தன் உங்கள் மூன்று பேரையும் என் கண்முன்னே வைத்திருக்கட்டும்.

உன் அம்மா,
புஷ்பராணி