கலோரி எழுதும் நோட்டு

மரியன்னை துணை

பாகலூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் டெல்சிக்கு அப்பா மைக்கேல்ராஜ் எழுதுவது.

இங்கு எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை பாப்பா. அங்கே புனேயில் நீ ஆபீஸ் படிக்கட்டில் மயங்கி விழுந்ததை உன் ரூமில் இருக்கும் ரூபா ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. நான் போன் செய்தால் சாப்பாட்டுப் பேச்சு வந்ததுமே கட் செய்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் கட் செய்ய முடியாதல்லவா, அதனால்தான் எழுதிக் கூரியரில் போடுகிறேன்.

போன வாரம் நீ அனுப்பிய சாப்பாட்டுப் படமும் அதற்கு முந்தின வாரத்துப் படமும் ஒன்றுதான். தட்டோரத்தில் அதே அப்பளம், அதே இடத்தில் உடைந்திருக்கிறது. முப்பது வருஷமாக பாய்லர் கேஜ் முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பவன் நான். என்னிடமா உன் வேலையைக் காட்டுகிறாய்? அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. அவள் தாங்க மாட்டாள்.

பேரிகை ஊரிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், பெண் கொஞ்சம் பருமன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் வாயில் மண் விழ! அதற்கப்புறம்தான் நீ கலோரி பார்க்க ஆரம்பித்தாய். நான் தடுத்தேனா? எங்கே! கலோரியா, அது உங்கப்பன் பாடமாச்சே என்று குதித்தேன். பாய்லரில் எரிக்கிற மரத்தூள் கட்டிக்கு லாரியோடு ஒரு சீட்டு வரும், கிலோவுக்கு இத்தனை கலோரி என்று. அந்தப் பெருமையில் கம்பெனியின் பழைய லாக் நோட்டு ஒன்றை உனக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். உள்ளே போனது ஒரு கட்டம், எரிந்தது ஒரு கட்டம், மணிக்கு மணி எழுது என்று கோடு போட்டுக் கொடுத்ததும் நான்தான். இப்போது அதில் ஒரு நாள் முழுக்க ஒரு ஆப்பிளும் ஒரு காபியும்தான் இருக்கிறது என்று ரூபா சொல்கிறாள்.

அந்தச் சொல்லின்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. எங்கிருந்து வந்து தொலைத்தது என்று நேற்று முழுக்க விசாரித்தேன். லத்தீனில் ‘கலோர்’ என்றால் வெப்பம், அதிலிருந்து வந்தது என்றார் பங்குச் சாமியார். கட்டி சப்ளை செய்யும் சமியுல்லா பாய் பத்து வருஷம் சவுதியில், தம்மாமில் இருந்தவர். அங்கே பிஸ்கட் பாக்கெட்டில் அரபியில் போட்டிருக்கும் பெயரிலும் ‘ஹராரா’ இருக்கிறது, அதுவும் சூடுதான் என்றார். இருநூறு வருஷத்துக்கு முன்னால் பாரீஸில் நீராவி இன்ஜினைப் பற்றிப் பாடம் எடுத்த ஒருவர்தான் இந்த அளவை முதலில் சொன்னாராம், சோற்றுக்கு அது பிறகுதான் வந்ததாம். எங்கள் இன்ஜினியர் போனில் தேடிப் படித்தார். சாம்பல் அள்ளும் சாந்தம்மாவுக்கு அந்தச் சொல்லே தெரியவில்லை. நான் விளக்கியதும், ஓ, ‘வேடி’யா, அது அடங்கினால் மனுஷனே இல்லையே என்று தெலுங்கில் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். எத்தனை பாஷையில் கேட்டாலும் சூடு என்றுதான் சொன்னார்கள் பாப்பா. ஒருத்தரும் கொழுப்பு என்று சொல்லவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு லோடு ஈரக் கட்டி வந்துவிட்டது. அதில் கலோரியே இல்லை. பிரஷர் இறங்கிக்கொண்டே போனது. பெரிய மெஷின் நின்றுவிடக் கூடாது என்று மற்ற ஸ்டீம் லைன்களை ஒவ்வொன்றாக அடைத்தோம். முதலில் கேன்டீன், அப்புறம் டிரையர். உன் கை எந்நேரமும் சில்லிட்டே இருக்கிறதாம், முடி கொத்துக் கொத்தாக வருகிறதாம். இன்னொன்றும் ரூபா சொன்னாள். அதை அப்பா எழுதக் கூடாது, அம்மா கேட்பாள். உன் உடம்பும் லைனை அடைத்துக்கொண்டே வருகிறது. உடம்பில் நிற்கவே கூடாத அந்தப் பெரிய மெஷின் எது என்று எனக்குத் தெரியும். எழுதக் கை வரவில்லை.

வியாழக்கிழமைதான் மாற்று ஆபரேட்டர் வருகிறார். அதுவரை பாய்லரை விட்டு என்னால் நகர முடியாது. அன்றைக்கே நானும் அம்மாவும் புனேவுக்கு ரயிலேறுகிறோம். நாங்கள் வரும்வரை காத்திருக்காதே, ரூபா கூட்டிப்போகிறேன் என்கிற டாக்டரிடம் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போ. நான் வந்து திட்ட மாட்டேன். எத்தனை வாய் சாப்பிட்டாய் என்று எண்ணவும் மாட்டேன். எண்ணியது போதும்.

ஒன்றே ஒன்று. அந்த நோட்டு உன்னுடையது இல்லை. முதல் பக்கத்தில் ஆபரேட்டர் என்ற இடத்தில் என் பெயர்தான் இருக்கிறது. அதில் நீ எழுதியது அத்தனைக்கும் நான்தான் பொறுப்பு. நாங்கள் வாசலில் வந்து நிற்கும்போது அதை என் கையில் திருப்பிக் கொடுத்துவிடு, தாயே.

அதுவரைக்கும் மரியன்னை உன்னைத் தன் கைக்குள் கதகதப்பாக வைத்திருக்கட்டும்.

உன் அப்பா,
மைக்கேல்ராஜ்.